மாடிப்படி வெளியில்

நவம்பர் 4, செவ்வாய்

மழை. விடிந்ததிலிருந்து விடவில்லை. கறண்ட் இரண்டு தரம் போய் வந்தது. அரியாலைக்கு மட்டும் ஏன் இப்படி என்று அம்மா வழக்கம்போல மின்சாரசபையைத் திட்டினார்.

கொழும்பு நிறுவனத்திலிருந்து மறுமொழி. கட்டடங்களுக்குக் கணினியில் முப்பரிமாண மாதிரி செய்யும் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். இதுவரை செய்தவற்றில் நல்லதாகப் பத்தைத் தெரிந்தெடுத்து 14ஆம் திகதிக்குள் அனுப்ப வேண்டும். கடைசியில் ஒரு கேள்வி: கதவு மூடக்கூடிய தனி வேலை அறை உண்டா?

இல்லை. என் மேசை விறாந்தைக்கும் குசினிக்கும் இடையில், பிரிட்ஜுக்குப் பக்கத்தில். தண்ணீர் எடுக்க வருகிற யாரும் திரையைப் பார்த்து ஒரு கருத்துச் சொல்லாமல் போனதில்லை. "உந்தச் சுவருக்கு மஞ்சள் சரிவராது." இது அம்மா, இன்று காலை. சுவர் கோண்டாவிலில் ஒருவருடையது.

"அறை உண்டு" என்று எழுதினேன். அழித்தேன். "விரைவில்" என்று எழுதினேன்.

பழைய ஹார்ட் டிஸ்க் திறந்தாயிற்று. கோப்புப் பெயர்கள்: கோண்டாவில் கடைசி. கோண்டாவில் கடைசி 2. கோண்டாவில் உண்மையாகவே கடைசி. கோண்டாவில் மாமி சொன்னது.

எல்லாப் படத்திலும் வெயில். காலை நேர வெயில், நீல வானம், ஓரத்தில் ஒரு வெள்ளை முகில். காசு கொடுக்கிறவருக்கு மழையில் நனைந்த வீட்டைக் காட்டுவார்களா.

நவம்பர் 5, புதன்

மழை குறைவு. பாண், சம்பல். தலையிடி.

இதுவரை தெரிந்தெடுத்தவை, விட்டவை:

- உரும்பிராய் வீடு. முற்றத்தில் ஆட்கள் நடமாடுகிற மாதிரி இருக்கட்டும் என்று மென்பொருளோடு வந்த உருவங்களைப் போட்டேன். கட்டைக் காற்சட்டை போட்ட பெண், கையில் நாய். வீட்டுக்காரர் போனில்: "உந்த வெள்ளைக்காரி ஆர் பிள்ளை? எங்கடை முத்தத்திலை என்ன செய்யிறா?" பிறகு சித்தப்பாவை இடுப்பில் கட்டிய சாரத்தோடு படமெடுத்து உருவமாக்கினேன். அதற்குப் பின் நான் செய்த எல்லா வீட்டு வாசலிலும் சித்தப்பா நிற்கிறார். கல்யாண மண்டபத்திலும் நிற்கிறார். அனுப்பலாம்.

- கல்யாண மண்டபம். அன்னம் வைத்த சிம்மாசனம், தூணுக்குத் தூண் தங்கம். அனுப்ப மாட்டேன். செத்தாலும்.

- நெல்லியடி வீடு. ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்குத் தகப்பன் வீடியோ அழைப்பில், படத்தைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டியிருக்கிறார். அவருடைய திரையில் இடம் வலமாகத் தெரிந்திருக்கிறது. குசினி அக்கினி மூலையில் இல்லை என்று அவர் ஒரே பிடிவாதம். மகள் அங்கிருந்து "இருக்கு அப்பா, இருக்கு" என்று கத்த, இரண்டு வாரம் கதைபேச்சு இல்லை. குசினி தொடக்கத்திலிருந்தே சரியான மூலையில்தான் இருந்தது. அனுப்பலாம்.

பின்னேரம் அப்பா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அவர் அப்படி இருந்தால் விஷயம் உண்டு.

"பிள்ளை, உதுகளை ஒருக்கா வைச்சிட்டு எங்கடை வீட்டையும் கீறித் தாவன். மேல்மாடி போட்டால் எப்பிடி இருக்கும் எண்டு மாப்பிள்ளை வீட்டுக்காரர் கேக்கினம்."

சாவகச்சேரிச் சம்பந்தம். பொருத்தம் பார்த்தாயிற்று. வீடு என் பெயருக்கு எழுதப்படும், மாப்பிள்ளை இங்கே வந்து இருப்பார், எங்கள் பக்கம் எல்லா இடமும் உள்ள வழக்கம்தான். இருக்கிற வீடு சிறிது என்று மா.வீ. (மாப்பிள்ளை வீட்டார், இனி இப்படித்தான் எழுதுவேன்) நினைக்கிறார்களாம். மாடி போட்டுத் தருவதாக அப்பா சொல்லிவிட்டார்.

இத்தனை பெண்களின் சீதன வீட்டை வரைந்திருக்கிறேன். இப்போது என்னுடையது. விசேஷமாக ஒன்றும் தோன்றவில்லை. அளவு நாடா எங்கே என்று தேடினேன்.

நவம்பர் 7, வெள்ளி

வெயில், பிறகு மழை, பிறகு வெயில். மரக்கறி.

படத்தோடு கட்டி முடிந்த வீட்டின் போட்டோவும் இருந்தால் நல்லது என்று கொழும்பிலிருந்து ஒரு குறிப்பு. பழைய வாடிக்கையாளர்களுக்கு மெசேஜ் போட்டேன். போட்டோக்கள் வந்து கொண்டே இருந்தன, எல்லாரும் சந்தோஷமாகத்தான் அனுப்பினார்கள்.

ஒன்றைக் கவனித்தேன். நான் வரைந்த சீதன வீடுகளில், படித்த பெண் என்றால், "மகளுக்கு ஒரு ஒஃபிஸ் ரூம்" என்று தகப்பன்மார் ஆசையாகக் கேட்பார்கள். வரைந்து கொடுத்திருக்கிறேன். மேசை, புத்தகத் தட்டு, யன்னலோரம் செடி. இன்று வந்த போட்டோக்களில் அந்த அறைகள்:

உரும்பிராய்: நெல் மூட்டை. நெல்லியடி: வெளிநாட்டிலிருந்து வருபவர்களின் சூட்கேஸ்கள், ஒன்றுக்கு மேல் ஒன்று. கோண்டாவில்: மாமியாரின் கட்டில். இணுவில்: தொட்டில். தொட்டிலுக்குப் பின்னால் நான் வரைந்த புத்தகத் தட்டு அப்படியே, அதில் பம்பர்ஸ் பெட்டி.

யாரும் பறித்ததாகத் தெரியவில்லை. எல்லா அறையும் கூடத்தில் இருந்து திறக்கிற அறை. சும்மா இருக்கிற அறைதானே என்று ஒருவர் ஒரு பொருளை வைப்பார், பிறகு இன்னொருவர் வைப்பார். அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் தப்பியிருக்கிறது. கொக்குவில் ரியூசன் ரீச்சரின் மேல் அறை. அங்கே உள்ளே படி வைக்க இடம் போதாமல், மேசன் தன்பாட்டில் படியை வெளிச்சுவரோடு வைத்துக் கட்டிவிட்டார். அப்போது ரீச்சர் அழுதே விட்டார், வீட்டின் வடிவே போச்சு என்று. இன்று போனில் கேட்டேன்.

"ஐயோ, அந்தப் படியாலைதான் நான் தப்பினன். பிள்ளையள் கேற்றாலை வந்து நேரை மேலை போகுங்கள். கீழை ஆர் வந்தது, ஆர் போனது, எனக்குத் தெரியாது. மாமி முழங்கால் வருத்தக்காரி, அந்தப் படி ஏற மாட்டா."

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கனநேரம் அந்தப் போட்டோவையே பார்த்துக் கொண்டிருந்தேன். படியில் பதினைந்து இருபது சோடிச் செருப்பு.

நவம்பர் 9, ஞாயிறு

கீரிமலை. கோயிலில் மா.வீ. பார்க்க வந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அயல் முழுக்கத் தெரிந்துவிடும் என்று இந்த ஏற்பாடு. இரண்டு பகுதியும் தற்செயலாகச் சந்தித்தது போல நடித்தோம். ஐயருக்குக்கூடத் தெரிந்திருந்தது.

பச்சைச் சேலை. காலில் சேறு.

மாப்பிள்ளையின் பெயர் கஜன். குளங்கள் வாய்க்கால்கள் பார்க்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர். மெலிவு. அவருடைய அக்காதான் கதைத்தார், அவர் கேணியடியில் நின்று தண்ணீர் எந்தப் பக்கத்தால் வெளியே போகிறது என்று எட்டிப் பார்த்துக் கொண்டிருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று நான்தான் கேட்டேன்.

"எங்கை போனாலும் தண்ணி எங்காலை ஓடுது எண்டுதான் கண் போகும். பழகிப் போச்சு." பிறகு, "நீங்கள் கீறின வீட்டுப் படமொண்டு கைதடியிலை பாத்தனான். வாசல்லை சாரத்தோடை ஒராள் நிக்கிறார், அவர் ஆர்?"

சித்தப்பா என்றேன். அவர் சத்தமாகச் சிரிக்க, அக்கா திரும்பிப் பார்த்தார்.

பிடித்திருக்கிறது. இங்கே எழுதி வைக்கிறேன், வேறெங்கும் சொல்லவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

இரண்டு நாளாக எங்கள் வீடு. கீழே இருப்பது அப்படியே. மேலே இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை, கூடத்திலிருந்து உள்படி. கிழக்குப் பக்கம் தனியே ஒரு வேலை அறை, அதற்கும் மற்ற அறைகளுக்கும் இடையில் சுவர்தான், கதவில்லை. அதற்கு மட்டும் படி வெளியில், கிணற்றடிப் பக்கமாக. கேற்றிலிருந்து நேரே ஏறலாம். நீல வானம். வெள்ளை முகில். சித்தப்பா.

அப்பா பார்த்து, "நல்லா இருக்கு" என்றார். வெளிப்படியைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. சாவகச்சேரிக்கு அனுப்பினார். பின்னேரமே கஜனின் அக்கா போன் எடுத்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"வடிவா இருக்கு மாமா. ஆனால் உந்த வெளிப்படி எனக்குப் பிடிக்கேல்லை. வாடகைக்கு விடுற வீடு மாதிரி. அந்த அறைக்கும் உள்ளாலை ஒரு கதவைப் போட்டால் நாங்கள் வந்து நிண்டாலும் வசதி."

நாங்கள் வந்து நின்றாலும். சூட்கேஸ்கள் கண்ணுக்கு முன்னால் வந்தன, ஒன்றுக்கு மேல் ஒன்று.

நவம்பர் 12, புதன்

மழை. உடுப்பு காயவில்லை, விறாந்தை முழுக்கக் கொடி.

அப்பா: "ஒரு படிதானே பிள்ளை. நீ மவுசை இழுத்தால் மாறீடும்."

உண்மை. மூன்று கிளிக். அதனால்தான் கையே வைக்கவில்லை.

"மாத்தேலாது அப்பா. அந்த அறை எனக்கு வேணும். உள்ளாலை கதவு வைச்சால் அது ரெண்டு வருசத்திலை ஆரின்ரையோ அறையாப் போயிடும்."

"உதுக்காகக் கலியாணம் குழம்பினால்?"

"குழம்பட்டும்."

அப்பா எழும்பிப் போய்விட்டார். குசினியில் அம்மா தேங்காய் திருவுவதை நிறுத்தினார், பிறகு தொடர்ந்தார், வழமையைவிட வேகமாக. அப்பா முற்றத்தில் நின்று போனில், "மகள் மாத்த மாட்டனெண்டுறாள்" என்று சொல்வது கேட்டது. மறுபக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது.

எனக்கு அந்தச் சம்பந்தம் வேண்டும். அந்த அறையும் வேண்டும். இரண்டையும் ஒருமித்துக் கேட்பது பேராசை மாதிரி இங்கே பார்க்கிறார்கள்.

நவம்பர் 13, வியாழன்

போன் வரவில்லை. அம்மா என்னோடு கதைக்கவில்லை. தண்ணீர் எடுக்க வந்தார், திரையைப் பார்க்காமலே போனார். இத்தனை வருடத்தில் இப்படி நடந்ததில்லை.

ஒன்பது படம் தெரிந்தெடுத்தாயிற்று. பத்தாவதுக்கு ஒன்றும் இல்லை. மண்டபத்தைத் திறந்தேன், அன்னத்தைப் பார்த்தேன், மூடினேன்.

மத்தியானம் பருப்பும் கீரையும். சாப்பிட முடியவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

கன மழை. முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர்.

காலை அறியாத நம்பரிலிருந்து வாட்ஸ்அப். கஜன்.

"படி வெளியிலையே இருக்கட்டும். அக்காவோடை கதைச்சிட்டன், கொஞ்ச நாளைக்கு முகத்தைத் தூக்கி வைச்சிருப்பா. ஆனால் ஒண்டு. படிக்கு மேலை கூரை இல்லை, தண்ணி ஓட வழியும் இல்லை. மாரியிலை என்னெண்டு ஏறப் போறியள்?"

மூன்று தரம் வாசித்தேன். பிறகு கோப்பைத் திறந்தேன். கூரை இல்லைத்தான். இத்தனை வருடத்தில் எத்தனை வீடு, எத்தனை படி. என் படங்களில் ஒருநாளும் மழை பெய்ததில்லை.

மென்பொருளில் மழை இருக்கிறதா என்று தேடினேன். வானிலைப் பகுதியில் ஆகக் கீழே இருந்தது. போட்டேன். வானம் சாம்பல், படி முழுக்க ஈரம், சித்தப்பா வாசலில் தெப்பமாக நனைந்து நிற்கிறார். ஓட்டுத் தாழ்வாரத்தைப் படிக்கு மேலாக நீட்டினேன். கீழே கிணற்றடி வரை ஒரு வாய்க்கால். சித்தப்பாவை உள்ளே எடுத்தேன்.

பத்தாவது படம் இதுதான். திரும்ப வெயிலுக்கு மாற்றவில்லை. அனுப்பிவிட்டேன்.

அம்மா தண்ணீர் எடுக்க வந்தார். பிரிட்ஜைத் திறந்தபடியே திரையைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, படத்துக்குள்ளையும் மழையே?"

"ஓம் அம்மா."