வெறுந்தட்டில் வைத்த சீட்டு

வாப்பா,

கீழ் வீட்டு வங்காளிக் காகிமா காலையிலிருந்து வெல்லப்பாகு காய்ச்சுகிறார். இன்று அவர்களுக்கு லட்சுமி பூஜை. தேங்காய்த் துருவலும் வெல்லமும் சேர்ந்து சட்டியில் பிடிக்கிற வாசனை படியேறி, நம் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்து, நீங்கள் உட்காரும் நாற்காலி வரைக்கும் போய்விட்டது. ஜன்னலைச் சாத்தினேன். சாத்தியும் வருகிறது. போன வருடம் இதே பூஜைக்கு அந்த நாற்காலியில் இருந்தபடி மூக்கை உயர்த்தி, "இன்னும் பத்து நிமிஷத்துல எறக்கிருவாங்க" என்றீர்கள். சொன்னது போலவே கீழே சட்டி இறங்கிய சத்தம் கேட்டது.

எனக்கு இப்போது இந்த வாசனையே ஆகவில்லை. நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. மௌத்தாகிப் போனவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்கிறார் உம்மா. அதனால்தான் வாயால் சொல்லாமல் எழுதுகிறேன். எனக்கு எழுதத்தான் வரும். எழுதி வைத்து நான் என்ன செய்தேன் என்பது உங்களுக்கும் தெரிந்திருந்ததாம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்தமானின் இந்த டெய்ரி ஃபார்ம் பகுதியில், நம் கட்டடத்தில் ஆறு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாஷை. யார் வீட்டில் விசேஷமென்றாலும் மற்ற ஐந்து வீட்டுக்கும் தட்டு போகும். "மெயின்லேண்ட்ல இருக்கிறவனுக்கு வருஷத்துக்கு ரெண்டு பெருநாள். நமக்குப் பதினஞ்சு" என்று பெருமையாகச் சொல்வீர்கள். வந்த தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது. அது இந்தக் கட்டடத்தில் யாரும் எழுதி வைக்காத சட்டம். ஒன்றும் இல்லாவிட்டால் நாலு பேரீச்சம்பழம், அதுவும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரை. தட்டைத் திருப்பிக் கொடுக்கும் வேலையை நீங்களே வைத்துக்கொண்டீர்கள். நான் போக மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். கதவைத் தட்டிவிட்டு, திறக்கிறவர்களின் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை இந்தியில் பேசுவது என்னால் ஆகாத காரியம். பள்ளிக்கூடத்தை நான் விட்டதும் அதனால்தானே. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் குரல் உள்ளேயே போய்விடும். பத்தாம் வகுப்புப் பாதியில் இனிப் போகவில்லை என்றபோது நீங்கள் திட்டவில்லை. "சரி புள்ள, கொஞ்ச நாள் வீட்டுல இரு" என்றீர்கள்.

அந்தக் கொஞ்ச நாளில்தான் உங்கள் இடது கால் சுண்டுவிரலைச் செருப்பு கடித்தது. புண் ஆறவில்லை. டிசம்பரில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்காமல் உம்மா முகத்தைப் பார்த்துச் சொன்னார்: மூன்று மாதம் பார்ப்போம், சர்க்கரை இறங்கினால் விரல் தங்கும், இல்லையென்றால் எடுக்க வேண்டியிருக்கும். கையில் ஒரு தாளும் கொடுத்தார். அரிசி, இட்லி, ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை, வெல்லம் எல்லாவற்றின் மேலும் சிவப்புக் கோடு. அபர்டீன் பஜாரில் இருக்கும் நம் வளையல் கடையை உம்மா பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. உங்கள் சாப்பாடு என் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில்தான் ஒன்றும் சரியாகச் செய்யவில்லை, இதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். அந்த விரலை நான்தான் காப்பாற்றப் போகிறேன் என்றே நினைத்தேன், வாப்பா.

அந்தத் தாளை எழுதியவர்கள் அந்தமானில் இருக்கிறவர்கள் இல்லை போலிருக்கிறது. சோற்றுக்குப் பதிலாகக் காலிஃபிளவரைத் துருவிச் சமைக்கலாம் என்று அதில் இருந்தது. கப்பல் வந்தால்தான் இங்கே காலிஃபிளவர். வந்தாலும் மஞ்சளாக, ஓரம் கறுத்து. கடல் மோசமாகிக் கப்பல் நின்றுபோனால் அதுவும் இல்லை. அப்போதெல்லாம் மீனும் தேங்காயும் முட்டையும் வைத்தே மூன்று வேளையை ஓட்டினேன். சுர்மாய் மீன் வறுவல், சுர்மாய் குழம்பு, மறுபடி சுர்மாய் வறுவல். நான்காம் நாள் நீங்கள் தட்டைப் பார்த்து, "இந்த மீனும் என்னை மாதிரிதான், சோறு கிடைக்காம முழிக்குது" என்றீர்கள். உம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெல்லம் இல்லாமல் வட்டலாப்பம் செய்து பார்த்தேன். தேங்காய்ப் பாலும் முட்டையும் ஏலக்காயும் மட்டும். ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வட்டலாப்பம் இல்ல. வட்டலாப்பத்துக்குத் தூரத்துச் சொந்தம்."

ஜனவரி வந்தது. இரண்டு நாளில் மூன்று தட்டு. எதிர்வீட்டுத் தெலுங்கு ஆன்ட்டியிடமிருந்து நம் அதிரசம் மாதிரியான அரிசெலு. மாடி வீட்டுத் தமிழ்க் குடும்பத்திலிருந்து சர்க்கரைப் பொங்கல். காகிமாவிடமிருந்து தேங்காய்ப் பூரணம் வைத்துச் சுருட்டிய மாவு தோசை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் மூன்றிலும் கை வைத்திருந்தீர்கள்.

"ஒண்ணுதான் எடுத்தேன்."

"மூணு தட்டுலயும் எடுத்திருக்கீங்க, வாப்பா."

"ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு. அவங்க ஆசையா குடுத்து விட்டதை வேணாம்னா மனசு என்ன ஆகும்?"

அன்று மாலை விரலைக் குத்திப் பார்த்தபோது மெஷினில் வந்த எண்ணை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அழுகை வந்தது. ஒரு மாதமாகக் கப்பலைப் பார்த்துப் பார்த்துச் சமைத்ததெல்லாம் ஒரு மத்தியானத்தில் போய்விட்டது.

மறுநாள் நீங்கள் தொழப் போயிருந்த நேரம். மூன்று தட்டையும் கழுவினேன். நோட்டுப் புத்தகத்திலிருந்து தாளைக் கிழித்து மூன்று சீட்டில் இந்தியில் எழுதினேன்: "வாப்பாவுக்குச் சர்க்கரை நோய். தயவுசெய்து இனி எதுவும் அனுப்ப வேண்டாம்." நன்றி என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். நன்றாக இருந்தது என்று பொய்யாவது எழுதியிருக்கலாம். தோன்றவில்லை. பேரீச்சம்பழம் வைக்கவும் தோன்றவில்லை. வெறுந்தட்டில் சீட்டை வைத்து, ஒவ்வொரு வாசலிலும் வைத்துவிட்டு, மணியை அடிக்காமல் ஓடி வந்துவிட்டேன். தட்டு எங்கே என்று நீங்கள் கேட்டபோது, கொடுத்துவிட்டேன் என்றேன். "நீயா? நீயே போயா?" என்று என் தலையில் கை வைத்தீர்கள். உங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். உண்மையைச் சொல்ல அதுதான் சமயம். சொல்லவில்லை.

அதன் பிறகு தட்டு வரவில்லை. மூன்று வீட்டுக்குத்தான் எழுதினேன். செய்தி ஐந்து வீட்டுக்கும் போய்விட்டது. சரஸ்வதி பூஜை போனது, ஹோலி போனது. "இந்த வருஷம் யாரும் விசேஷம் கொண்டாடலையா?" என்று உம்மாவிடம் கேட்டீர்கள். மெஷினில் எண் இறங்கியது. நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

நோன்புப் பெருநாளன்று தொழுதுவிட்டு வந்து, வழக்கம்போல ஐந்து தட்டிலும் பிரியாணியும் வட்டலாப்பமும் வைத்து நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு தட்டுகள் திரும்பி வந்தன. கழுவி, துணியால் துடைத்து, ஐந்தும் வெறுமையாக. நீங்கள் அவற்றை மேசை மேல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினீர்கள். பிறகு எடுத்துத் தனித்தனியாக வைத்தீர்கள்.

"நாம என்ன தப்பு பண்ணோம்?" என்று உம்மாவைக் கேட்டீர்கள். "காகிமா வீட்டுக்காரர் நேத்துகூட சலாம் சொன்னாரே."

"மறந்திருப்பாங்க."

"அஞ்சு வீடுமா மறக்கும்?"

நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். குழாயைத் திறந்து, கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினேன். புது வெள்ளைச் சட்டையை அன்று கழற்றாமலே தூங்கிவிட்டீர்கள்.

அதற்கு நாலாம் நாளிலிருந்து நடக்க ஆரம்பித்தீர்கள். மெதுவாக நடப்பது நல்லது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். அஸர் தொழுதுவிட்டு, "கட்டடத்தைச் சுத்தி ஒரு நடை" என்று கிளம்புவீர்கள். முகம் தெளிவாக இருக்கும். வந்ததும் குழாயில் வாய் கொப்பளிப்பீர்கள். எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஆனால் இறங்கிக்கொண்டிருந்த எண் நின்றுவிட்டது. சில நாள் ஏறவும் செய்தது. என் சமையலில்தான் எங்கோ தப்பு என்று தேடினேன். கேரட்டை நிறுத்தினேன். வெங்காயத்தைக் குறைத்தேன். நீங்கள் ஆசையாகத் தொட்டுக்கொள்ளும் தக்காளித் துவையலையும் நிறுத்தினேன். நான் கோபத்தில் பாத்திரத்தை நங்கென்று வைக்கும்போது, "என்ன புள்ள, தட்டு உடைஞ்சிரும்" என்பீர்கள். ஒரு நாள்கூட முறுமுறுக்காமல் எல்லாவற்றையும் சாப்பிட்டீர்கள். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

டாக்டர் சொன்ன மூன்று மாதமும் தாண்டி, மே மாதம் விரலை எடுத்தார்கள். "பத்துல ஒண்ணுதானே. செருப்பு போட்டா தெரியாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். நான் மூன்று நாள் உங்களோடு பேசவில்லை. என் மேல்தான் கோபம். உங்கள் மேல் என்று நினைத்திருப்பீர்கள். ஆகஸ்டில் ஒரு மத்தியானம் கடையில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டீர்கள். இதயம் என்றார்கள். ரொம்ப நாளாக இருந்திருக்கும், இதைத் தின்றதால் அதைத் தின்றதால் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். யாரையும் குற்றம் சொல்ல முடியாத பதிலைச் சொல்லி முடித்துவிட்டார்.

மூன்றாம் நாள் உங்களுக்காக ஓதிய ஃபாத்திஹாவுக்குக் காகிமா வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். அழுகைக்கு நடுவில் தன் இந்தியில் சொன்னார், "துமாரா அப்பா ரோஜ் ஆத்தா தா." உன் அப்பா தினமும் வருவார். எனக்குப் புரியவில்லை. அவரே எல்லாவற்றையும் சொன்னார். பெருநாள் முடிந்து நாலாம் நாள் அவர் வாசலில் போய் நின்று, நாங்கள் என்ன தப்பு செய்தோம் என்று கேட்டீர்களாம். அவர் உள்ளே போய் என் சீட்டை எடுத்துவந்து காட்டினாராம். படித்துவிட்டு இருமல் வரும்வரை சிரித்தீர்களாம். "என் பொண்ணு எழுத்து எவ்வளவு அழகா இருக்கு பாருங்க" என்றீர்களாம். அப்புறம், "வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்னுதானே எழுதியிருக்கா. நான் இங்கேயே சாப்பிட்டுக்கிறேன்" என்று செருப்பைக் கழற்றி உட்கார்ந்துவிட்டீர்களாம். அடுத்த நாள் அவர் வீட்டோடு எதிர்வீடும். அதற்கடுத்த நாள் மாடி வீடும். அதுதான் உங்கள் நடை.

"அவகிட்ட சொல்லிடாதீங்க, கஷ்டப்பட்டு சமைக்கிறா, மனசு ஒடஞ்சிரும்" என்றும் கேட்டுக்கொண்டீர்களாம்.

என் மனசு உடையாமல் பார்த்துக்கொண்டீர்கள். விரலை விட்டுவிட்டீர்கள். இது என்ன கணக்கு, வாப்பா? எனக்குப் பேச வராது என்று கட்டடத்துக்கே தெரியும். உங்களுக்கு வருமே! கப்பல் டிக்கெட் வரிசையில் நிற்கிறவர்களோடுகூட அரை மணி நேரம் பேசுவீர்களே. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், விசேஷ நாளில் ஒன்று என்று நானே எடுத்து வைத்திருப்பேன். அன்றைக்கு மற்றதைக் குறைத்திருப்பேன். கேரட்டோடு சண்டை போட்டிருக்க மாட்டேன். நானும் சீட்டைப் பற்றி உங்களிடம் சொல்லவில்லைதான். அதை நினைத்தால் கோபம் பாதி வழியில் திரும்பி என் மேலேயே வந்து விழுகிறது. முழுசாக யார் மேலும் கோபப்படக்கூட முடியவில்லை.

இப்போது உம்மாவுக்கும் சர்க்கரை. அதே சிவப்புக் கோடு போட்ட தாள். துர்கா பூஜை முடிந்த அன்று, "காகிமாவுக்கு வாழ்த்துச் சொல்லிட்டு வந்துர்றேன்" என்று கீழே போனார். இருபது நிமிடம் ஆயிற்று. வாழ்த்துச் சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்? கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு இறங்கினேன். கதவு திறந்தே இருந்தது. உம்மா கையில் ஒரு கிண்ணம். அதில் பாதி ரசகுல்லா.

"எத்தனாவது?" என்றேன்.

உம்மா திரும்பினார். "இதுதான். ஒண்ணுதான் புள்ள."

"ஒண்ணுன்னுதான் வாப்பாவும் சொன்னாங்க!"

என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. எதிர்வீட்டு ஆன்ட்டி கதவைத் திறந்து பார்த்தார். உம்மா, "ஏன் இப்படிக் கத்துற, எல்லாருக்கும் கேக்குது" என்றார். கேட்கட்டும் என்றேன். தமிழிலும் இந்தியிலும் மாறி மாறி என்னென்னவோ சொன்னேன். ஒளித்துச் சாப்பிட்டால் எனக்கு எப்படித் தெரியும், இரவுக்கு நான் என்ன சமைக்க, இன்னொரு விரலையும் நான் பார்க்க வேண்டுமா என்றெல்லாம். காகிமா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு விரலைக் காட்டினார். "தோ. தோ தியா மைனே." இரண்டு, நான்தான் கொடுத்தேன் என்று.

இத்தனை மாதத்தில் ஒருவர் எனக்குச் சரியான எண்ணைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று இரவு உம்மாவுக்கு அளந்து வைக்கும் ஒரு பிடிச் சோற்றையும் வைக்கவில்லை. மீனும் முட்டைக்கோஸும் வைத்தேன். சாப்பிட்டார். கை கழுவும்போது, "இனிமே திங்கிறதுன்னா உன்கிட்ட சொல்லிட்டுத் திங்கிறேன், போதுமா?" என்று முறைத்தார். போதும் என்றேன்.

ஆனால் அந்தச் சத்தம் உம்மாவுக்கானது இல்லை, வாப்பா. பாவம், அவர் நடுவில் வந்து மாட்டிக்கொண்டார். அது உங்களுக்கு, நீங்கள் நடந்துவிட்டு வந்து குழாயில் வாய் கொப்பளித்த ஒவ்வொரு மாலைக்கும் சேர வேண்டியது. அதில் முக்கால்வாசி இன்னும் என் தொண்டையிலேயே இருக்கிறது. முழுதும் போட்டு முடித்தாலும் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "சரி புள்ள, இன்னைக்கு மட்டும்" என்று சொல்லியிருப்பீர்கள். நானும் விட்டிருப்பேன். அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

உங்கள் மகள்