வெள்ளத்தில் தெளிந்த ஒரு புட்டி

மலைப்பக்கம் நேற்று முதல் மழை. சொர்ணமுகி ஆற்றில் தேயிலைச் சாயம் போலத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஊறிய இலை வாடை வாசல்வரை வந்துவிட்டது. உடனே உன் நினைப்பு, கூடவே எரிச்சல். போய்ச் சேர்ந்த பிறகாவது என்னை நிம்மதியாக விடக்கூடாதா நீ?

சுகாதார இலாகாவில் நாம் இருவரும் தண்ணீர் சோதிக்கிறவர்கள். கோடையில் ஒருமுறை, மணலில் ஊறும் நீரை எடுத்துப் பார்த்து 'நன்று' என்று எழுதினால் போதும் என்பது மேலிடத்து உத்தரவு. எனக்குப் போதும். உனக்குத்தான் போதாது. ஞாயிறுதோறும் சபையில் ஆராதனை முடிந்ததும், அதே கோட்டோடு திருச்சானூர்ப் பக்கம் ஆற்றில் இறங்கிப் புட்டியை நிரப்புவாய். பார்த்தவர்கள் சிரிப்பார்கள். உன்னோடு நிற்கும் எனக்கல்லவா மானம் போகும்!

துணியை மூன்றாய் மடித்து வடிகட்டிவிட்டு, கிருமியைக் கொல்லும் ஊதா மருந்தைச் சொட்டுவாய். கோடை நீரில் நிறம் அப்படியே நிற்கும். புதுவெள்ளத்தில் எத்தனை சொட்டு விட்டாலும் மறைந்துபோகும்.

"பாத்தியாடா, வடிகட்னாலும் இலைச்சாறு உள்ளயே கீது. குடிதண்ணித் தொட்டியில போடற மருந்தெல்லாம் இதுவே துன்னுடுது. நோய்க்கு மிச்சம் இன்னா கீது? கோடை அளவையே மழையிலயும் போட்டுக்கினு கீறோம். யாத்திரைக்கு வர்ற சனங்க இதத்தானே குடிக்கிது?"

இதை நூறு தரம் கேட்டிருப்பேன்.

இப்படி மொள்ளத் தொடங்கிய இரண்டாம் வருஷ மழையில் கரையில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டாய். புத்தூருக்குக் கட்டுப்போடப் போகும்போதும் புட்டியைத்தான் நினைத்தாய். "இந்த ஒரு வாரம் நீ மொண்டாந்துடுடா" என்றாய். கொட்டுகிற மழையில் யார் போவது? வீட்டுக் கிணற்றில் மொண்டேன். நிறம் நின்றது. ஒரு வாரம்தானே என்று, நீ வாராவாரம் கணக்கு எழுதும் நோட்டில் அப்படியே எழுதினேன்.

மழைக்கு மருந்தைக் கூட்டவேண்டும் என்று கேட்டு, அந்த நோட்டைப் பட்டணத்து மேலிடத்துக்கு அனுப்பினாய். நோட்டோடு பதில் வந்தது: நடுவெள்ளத்தில் ஒரு வாரம் நீர் தெளிந்திருப்பதால் பருவத்தைக் காரணம் சொல்ல முடியாது, மருந்தின் அளவை மாற்ற வேண்டியதில்லை.

நீ என்னைச் சந்தேகப்படவே இல்லை. எனக்கு ஆத்திரமே அதுதான். ஒருமுறை முறைத்துப் பார்த்திருந்தால் அங்கேயே சொல்லித் தொலைத்திருப்பேன். நீயோ ஆற்றைச் சந்தேகப்பட்டாய். கடைசியில் சாகப் படுக்கையில் கிடந்தபோதும், "அந்த வாரம் மட்டும் ஏண்டா தெளிஞ்சிது?" என்றாய்.

"யாருக்குத் தெரியும்" என்றேன். பாவி நான்.

ஆறு தெளியவில்லையப்பா. அது என் கிணற்று நீர். உன் கணக்கு முழுக்கச் சரி. இன்று அந்த வரியை அடித்து, நடந்ததை எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டுப் பட்டணத்துக்கு அனுப்பிவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

நாளை ஞாயிறு. உன் புட்டியைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். மழை விடுகிற மாதிரி இல்லை. ஆற்றுக்குத்தான் போகிறேன்.