சிபாரிசு இல்லாத விடுப்பு

இன்று மதியம் லோதி ரோடு அலுவலகப் புல்வெளியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தேன். யாரோ ஆரஞ்சு உரித்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே உன் நினைவு வந்துவிட்டது, என் திருநெல்வேலிக்காரியே. நீ கண்ணை மூடி இது மூன்றாவது குளிர்காலம். வயிற்றில் பிள்ளையோடு, சுளை சுளையாக விழுங்கிக்கொண்டே, “கேஸ் போடப் போறேன் ட்டி” என்று நீ சொன்னது இதே புல்வெளியில்தான்.

அடுத்தடுத்த நாற்காலி, ஒரே வேலை நமக்கு. ஆனால் நான் நிரந்தர ஊழியர், நீ ஒப்பந்த ஊழியர். எனக்கு மகப்பேறு விடுப்பு உண்டு. நீ கேட்டபோது, பிரசவத்துக்குப் போனால் திரும்பி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உன் கணவருக்கு அப்போது வேலையில்லை; இந்த வேலையும் போனால் குடும்பம் நடுத்தெருவில்தான். டில்லியில் எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி சிபாரிசுதானே! ஆர்.கே.புரத்தில் எனக்குத் தெரிந்த அதிகாரியைப் பார்ப்போம் என்றேன். நீ மசியவில்லை.

“ஹைகோர்ட்டுக்குப் போறேன். அரசியல் சட்டத்துல இருநூத்தி இருபத்தாறாவது பிரிவு இருக்குல்லா? நம்ம உரிமையில கை வச்சா அங்க போய்க் கேக்கலாம்.”

“ஏதோ பஸ் நம்பர் மாதிரி இருக்கே!”

“ஆமா, பஸ்சுதான். நீயும் ஏறு, அவ்ளோதான்.”

ஏறினேன். நீதிமன்றத் தாழ்வாரத்தில் உனக்கு உட்கார இடம் பிடிப்பதும், தயிர் சாதம் ஊட்டாத குறையாகக் கொடுப்பதும் என் வேலை. வாய்தா மேல் வாய்தா விழுந்தது. பிள்ளைக்கு ஏது வாய்தா?

அப்போதுதான் நம் அலுவலக அதிகாரி இருவரையும் அறைக்கு அழைத்து டீ வரவழைத்தார். உனக்கு மட்டும் விடுப்பு தருகிறேன், வழக்கை ஜல்தி வாபஸ் வாங்கு என்றார். நானாக இருந்தால் கும்பிட்டு வாங்கியிருப்பேன். நீ உன் நெல்லை இழுவை மாறாத ஹிந்தியில், எனக்கு மட்டும் என்றால் அது தயவு, எல்லா ஒப்பந்தப் பெண்களுக்கும் என்றால் இப்போதே வாபஸ் வாங்குகிறேன் என்றாய். டீயைத் தொடாமல் எழுந்து வந்தாய். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டாய்.

“ஏட்டி, விட்டுராத.”

தீர்ப்பு வந்தபோது நீ பிரசவ வார்டில் இருந்தாய், கேட்டது நான். ஒப்பந்தம் முடியும் தேதி பார்த்தா குழந்தை பிறக்கும் என்று நீதிபதி அரசு வக்கீலைக் கேட்டார். வேலையும் விடுப்பும் உனக்கு. விடுப்பு உன்னைப் போன்ற எல்லோருக்கும். உச்ச நீதிமன்றம்வரை போகவே வேண்டியிருக்கவில்லை. “அவ என் ஃப்ரெண்டு” என்று பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத வக்கீலிடம்கூடச் சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் என்ன!

இன்று ஆரஞ்சு உரித்தவள் யார் தெரியுமா? உன் நாற்காலியில் இப்போது இருக்கும் பெண். டில்லியில் பிறந்த தமிழ்ப் பெண், ஒப்பந்த ஊழியர்தான். வயிற்றில் கை வைத்தபடி என்னிடம் வந்தாள்.

“ஆன்ட்டி, மெட்டர்னிட்டி லீவுக்கு யார்கிட்ட சொல்லணும்? யாராச்சும் பெரிய ஆளைத் தெரியுமா?”

“யாரையும் தெரிய வேண்டாம். எழுதிக் கொடு, கிடைக்கும்.”

“அச்சா, அவ்ளோதானா?”

அவளுக்கு உன் பெயர் தெரியாது. சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவள் ஒரு சுளையை என் கையில் வைத்தாள். நீ எனக்கு விட்டுப்போன ஒற்றைச் சொல்லைத்தான் அவளிடம் சொல்ல முடிந்தது.

“அவ்ளோதான்.”