நெடுந்தீவு காட்டிய மச்சாளுக்கு

மச்சாள்,

இன்றைக்கு யாழ்ப்பாணம் போய் வந்தேன். வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பிள்ளை ஒரு தேசிக்காயை நகத்தால் கீறிக் கீறி மணந்துகொண்டு வந்தது. பயணம் ஒத்துக்கொள்ளாத பிள்ளை போலிருக்கிறது. அந்த எலுமிச்சை மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடலுக்கு நடுவே போகும் அந்த வீதியில் இரண்டு தரம் எழும்பி எழும்பி இருந்தேன். "என்னம்மா, இறங்கப் போறீங்களோ?" என்று கொண்டக்டர் கேட்டார். அந்த இடத்தில் இறங்கி எங்கே போவது?

நீர் போய் ஒரு வருசம், நாளைக்கு உம்முடைய ஆட்டைத் திவசம். அதற்குத்தான் சாமான் வாங்கப் போனேன். வாங்கிவந்த பை குசினி வாசலில் அப்படியே கிடக்கிறது. காய்கறி பிரிக்க வேண்டும், ஐயர் காலையிலேயே வந்துவிடுவார். நானோ இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு வரி எழுதுகிறேன், எழும்பிப் போய் அடுப்பைப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். நான் எப்போது ஓர் இடத்தில் இருந்தேன்? "உம்மடை கதிரையை இஞ்சை தாரும் மச்சாள், நீர்தான் அதிலை இருக்கப் போறதில்லையே" என்று நீர் இழுத்துப் போட்டுக்கொள்வீர். போட்டுவிட்டு நீரும் இருக்கமாட்டீர்.

அந்தக் காலத்தில் இந்த வீட்டில் எங்கள் இருவருக்குமே இருக்க நேரம் கிடைத்ததில்லை. உம்முடைய அண்ணன் என்னைக் கட்டிய கையோடு ஒஸ்ரின் கார் ஒன்றை வாங்கினார். பிறகு வீட்டின் முன் அறைகளை வெள்ளையடித்து, கேற்றில் 'விடுதி' என்று பலகை மாட்டினார். லீவில் தீவு பார்க்க வரும் கொழும்பு ஆட்களை யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் ஏற்றுவார். பண்ணைக் கடலுக்கு நடுவால் வீதி இல்லாத நாள். காரைநகர் வரை சுற்றி ஓடி, காரோடு ஆட்களையும் பாதை என்ற அந்த மிதவையில் ஏற்றி இக்கரைக்குக் கொண்டுவர வேண்டும். பாதை எங்கள் ஊர்காவற்றுறைத் துறையைத் தொட்டதும் ஹோர்ன் அடிப்பார், தலைக்கு ஒன்று. குசினியில் நாங்கள் அதை எண்ணி அரிசி போடுவோம். மலாயாவில் வேலை பார்த்துவிட்டு வந்த பென்சன்காரர் ஒருவர் தன் பரிவாரம் முழுவதோடும் வந்த அன்று ஹோர்ன் நிற்கவே இல்லை. நீர் சுளகும் கையுமாக நின்று, "ஆக்கள்தானோ, இல்லாட்டிக் கார் பழுதாப்போச்சோ?" என்று கேட்டீர்.

வருகிறவர்கள் குளித்து, சாப்பிட்டு, விறாந்தையில் சாய்ந்ததும் உம்முடைய நேரம் தொடங்கும். மறுநாள் நெடுந்தீவுக்குப் போவதா, அலுப்பாக இருக்கிறது என்று படுத்துவிடுவதா என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருப்பார்கள். நீர் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுக்கிற சாட்டில் போய் நின்று கதையைத் தொடங்குவீர். கடலில் எடுத்த முருகைக்கல் அடுக்கிக் கட்டிய மதில்கள், பத்துப் பேர் கைகோத்தாலும் பிடிபடாத பெருக்கு மரம், வெள்ளைக்காரன் விட்டுப்போன கட்டாக்காலிக் குதிரைகள். "கையைத் தட்டினால் காணும், வெளி முழுக்க ஓடி வரும். புழுதியிலை சூரியன் தெரியாது" என்பீர். அடுத்த நாள் காரில் ஒருவரும் மிஞ்சாமல் ஏறுவார்கள். போய் வந்தவர்களின் காலுக்குத் தண்ணீர் வார்த்தபடி அவர்கள் சொல்வதையும் கேட்டு வைத்துக்கொள்வீர். அடுத்த முறை உம்முடைய நெடுந்தீவு இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கும். "நீங்கள் நெடுந்தீவிலை கனகாலம் இருந்தனீங்களோ?" என்று கேட்பவர்களுக்கு நீர் ஓம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. சிரிப்பீர்.

நீர் நெடுந்தீவை ஒரு நாளும் கண்டதில்லை.

அந்தக் காரில் ஏறி, வருகிறவர்களைப் போல ஒரு நாள் போய்வர வேண்டும். உமக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். நயினாதீவுக்குப் போயிருந்தீர், பஸ்ஸும் படகுமாக, பொங்கல் பானையோடு. கோயிலுக்குப் போவது கடமை, அதைப் பயணம் என்று நீர் கணக்கில் எடுப்பதே இல்லை. கார் வெளிக்கிடும்போது கேற்றைத் திறந்துவிட்டு, அது சந்தி திரும்பும் மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பீர். அண்ணனிடம் கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: "காரிலை இடமில்லைப் பிள்ளை, அடுத்த முறை பாப்பம்." கலியாணம் கட்டாத பெண் வெளியூர் ஆட்களோடு உல்லாசம் போகிறாள் என்று கதை வரும் என்ற பயமும் அவருக்கு இருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பத்திக்கொண்டு வரும்.

அந்த ஆவணியில் கொழும்பிலிருந்து ஒரு டொக்டர் குடும்பம் வந்தது. அவரும் மனைவியும், ஒரு பெடியன், ஒரு பெட்டை. இரவு உம்முடைய கதையைக் கேட்ட டொக்டரின் மனைவி உம்முடைய கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு நீங்களும் வாங்கோ. உங்கடை ஊரை நீங்களே காட்டுங்கோ" என்றார். உம்முடைய முகம் போன போக்கை நான் மட்டும்தான் கண்டேன். ஆசைப்பட்டது காலடியில் வந்து நிற்கிறது, ஆனால் போனால் பொய் வெளித்துவிடும்.

குசினிக்குள் வந்து, "ஏலாது மச்சாள், மானம் போயிடும்" என்றீர்.

"நானும் வாறன். மானம் போனால் பங்கு போடுவம்" என்றேன்.

உம்முடைய அண்ணன் வாசலில் வந்து நின்றார். "ரெண்டு பேரும் போனால் உலையை ஆர் வைக்கிறது?"

"உலை ஒரு நாள் ஆறுதலாப் படுக்கட்டும்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், கார் துடைக்கப் போய்விட்டார்.

விடிய வெளிக்கிட்டோம். டொக்டரும் பெடியனும் முன்னுக்கு, நாங்கள் எல்லோரும் பின்னுக்கு நெருக்கி. நீர் தேசிக்காயை மூக்கில் பிடித்தபடி, புளியங்கூடல் எப்போது போனது, வேலணை எப்போது வந்தது என்றே தெரியாமல் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு இருந்தீர். குறிகட்டுவான் துறையில் காரை விட்டுவிட்டு உம்முடைய அண்ணன் அங்கேயே நின்றார். சோளகக் காற்று, லோஞ்ச் படகு குதித்துக் குதித்துப் போனது. 'உங்கடை ஊருக்கு' அடிக்கடி போய்வந்த நீர் தலையை வெளியே நீட்டிச் சத்தியெடுத்ததைப் பார்த்து, டொக்டரின் மனைவி கொஞ்சம் யோசித்தார்.

நெடுந்தீவின் மாவிலித்துறையில் இறங்கி ஒரு மாட்டு வண்டில் பிடித்தோம். "குதிரை எந்தப் பக்கம்?" என்று டொக்டர் உம்மைக் கேட்டார். நீர் கையை நீட்டினீர். "உதாலை போனால் கடலுக்கைதான் இறங்கோணும்" என்றார் வண்டில்காரர்.

டொக்டரின் மனைவி, "என்ன தம்பி, இவ உங்கடை ஊர்தானே" என்றார்.

அவ்வளவுதான். எங்கள் ஆட்களிடம் இன்ன ஊர் என்று சொல்லிவிட்டுத் தப்ப முடியுமா? வண்டில்காரர் கயிற்றை இழுத்து மாட்டை நிறுத்திவிட்டார். முகமெல்லாம் மலர்ச்சி. "அப்பிடியோ அக்கா? எந்தப் பகுதி? ஆருடைய மகள்?"

எல்லோரும் உம்மைப் பார்த்தோம். நான் ஏதாவது பேரைச் சொல்லிச் சமாளிக்கலாமா என்று வாயைத் திறந்தேன். நீர் என் தொடையில் கையை வைத்து அழுத்தினீர்.

"நான் ஊர்காவற்றுறை, தம்பி. உங்கடை ஊருக்கு இண்டைக்குத்தான் முதல் முதல் வாறன்."

"அப்ப ராத்திரி சொன்னது?" என்று டொக்டரின் மனைவி கேட்டார்.

"வந்து போன ஆக்கள் சொல்லக் கேட்டது. கொஞ்சம் நான் போட்டது."

கொஞ்சமோ என்று எனக்கு வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். அந்த மனுசி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வண்டில் ஆடிக்கொண்டு போனது. சின்னப் பெட்டை மட்டும், "அன்ரி, குதிரையும் பொய்யோ?" என்று கேட்டாள். "குதிரை உண்மை, மோனை" என்றீர். உமக்கே அது நிச்சயம் இல்லை என்று குரலில் தெரிந்தது.

குதிரைகள் இருந்தன. காய்ந்துபோன குட்டையைச் சுற்றி, விலா எலும்பு தெரிய, எங்கள் நாம்பன் மாடுகளை விடச் சின்னதாக நின்றன. பெடியன் கையைத் தட்டினான். ஓடி வரவில்லை, விலகிப் போயின. மழை வரும் மட்டும் உதுகளுக்குத் தண்ணிக்குப் பாடுதான் என்றார் வண்டில்காரர். நீர் வண்டிலிலிருந்து இறங்கினீர். நல்ல தண்ணீர்க் கிணறு எங்கே என்று கேட்டு, கொஞ்சத் தூரத்தில் கல்தொட்டியோடு இருந்த கிணற்றுக்குப் போய், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அள்ளத் தொடங்கினீர். வாளிக்கு அடுத்த வாளி. நானும் பிடித்தேன். டொக்டரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தார். தொட்டி நிரம்பியும் ஒரு குதிரையும் கிட்ட வரவில்லை.

"ஆக்கள் நிண்டால் வராதுகள். மதிலுக்குப் பின்னாலை போய்க் குந்தி இருங்கோ" என்றார் வண்டில்காரர்.

இருந்தோம். எனக்கு உயிர் போனது. லோஞ்ச் போய்விடும், போனால் இரவு எங்கே தங்குவது, வீட்டில் விளக்கு வைக்க ஆள் இல்லை. எழும்பப் போன என்னை நீர் தோளில் பிடித்து இருத்தினீர். நீரா அது? சோறு தின்னும்போதும் ஒரு காலில் நிற்கிற நீர், முருகைக்கல்லில் கன்னத்தை வைத்து, கல் இடுக்கால் பார்த்தபடி அசையாமல் இருந்தீர். கனநேரம் போனபின் ஒன்று வந்தது. பிறகு குட்டியோடு ஒன்று. பிறகு எல்லாம். அவை தண்ணீரை உறிஞ்சும் சத்தம் மதிலுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. டொக்டரின் மனைவி மெல்ல நகர்ந்து வந்து உமக்குப் பக்கத்தில் இருந்தார். உம்முடைய ஈரச் சேலைத் தலைப்பைப் பிழிந்துவிட்டார்.

லோஞ்சை ஓடிப் பிடித்தோம். குறிகட்டுவானில் கார்க் கதவடியில் டொக்டரின் மனைவி தன் புருசனைத் தள்ளி நிறுத்தினார். உம்மைப் பார்த்து, "நீங்கள் முன்னுக்கு இருங்கோ" என்றார்.

நீர் முன்னுக்கு ஏறினீர். உம்முடைய அண்ணன் அடுத்த ஹயர் ஓட்டத்துக்கு அவசரப்பட்டு எப்போதும் பறக்கிறவர். புங்குடுதீவு தாண்டி இரண்டு பக்கமும் கடல் வந்தபோது, "மெல்ல ஓட்டண்ணை" என்றீர். அவர் ஓட்டினார், கட்டைவண்டி முந்திப் போகிற மாதிரி. நான் பின்னுக்கிருந்து அரிசி, தேங்காய், விறகு என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தேன்.

வீட்டு வாசலில் கார் நின்றது. டொக்டர் ஆட்கள் இறங்கிப் போனார்கள். நான் சேலையைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடினேன். அடுப்பை மூட்டிவிட்டுப் பார்த்தால் உம்மைக் காணவில்லை. வாசலுக்கு வந்தேன். உம்முடைய அண்ணன் காரைச் சுற்றி வந்து, கொழும்புச் சீமாட்டிகளுக்குத் திறந்துவிடுகிற மாதிரி உமக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நீர் இறங்கவில்லை.

"மச்சாள், இறங்கும். அரிசி கழுவோணும்" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் இருக்கிறன்" என்றீர்.

அவர் கதவை விடவில்லை. உம்மை அவசரப்படுத்தவும் இல்லை. அன்று அரிசியை நான்தான் கழுவினேன்.

அதற்குப் பிறகு நீர் விறாந்தையில் நின்று உள்ளதை உள்ளபடிதான் சொன்னீர்: குதிரை மெலிவு, தண்ணீர் அள்ளி வையுங்கோ, மதிலுக்குப் பின்னால் பேசாமல் இருங்கோ. சிலர் போனார்கள், பலர் படுத்துவிட்டார்கள். அண்ணன் முணுமுணுத்தார், ஆனால் உம்மைத் தடுக்கவில்லை. பிறகு பண்ணையால் வீதி வந்தது. காலையில் யாழ்ப்பாணத்தில் வெளிக்கிட்டவர்கள் தீவைப் பார்த்துவிட்டுப் பொழுதுபட அங்கேயே திரும்பினார்கள். ஊர்காவற்றுறையில் படுக்க ஒருவருக்கும் தேவை இருக்கவில்லை. பலகையைக் கழற்றினோம், ஒஸ்ரினையும் விற்றோம். "இன்னொருக்காப் போகோணும் மச்சாள், மாரியிலை, குட்டையள் நிரம்பியிருக்கேக்கை" என்று நீர் சொல்லிக்கொண்டே இருந்தீர். நானும் ஓம் ஓம் என்றேன். வருசங்கள் போயின, நீரும் போய்விட்டீர். மாரிக் குதிரைகளை இரண்டு பேருமே காணவில்லை. அதை நினைத்தால் எனக்கு உம்மில் கோபம் வருகிறது, என்னில் வருகிறது, ஒருவருக்காகவும் நில்லாமல் ஓடும் இந்த நாட்கள் மேலும் வருகிறது.

அண்ணன் சுகமாக இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். எங்கள் மூத்த மகன் இப்போது ஒரு பழைய கார் வைத்திருக்கிறான், இன்றைக்கு அது பழுது, அதுதான் பஸ்ஸில் போனேன். கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கலியாண வீட்டுக்கு என்று என்னை ஏற்றிக்கொண்டு போவான். எங்கே போனாலும் நான் நெருப்பில் நிற்கிற மாதிரித்தான், எப்போது வீடு வருவோம் என்று கேட்டுக் கேட்டு அவனுக்குக் காது புளித்துவிட்டது. ஆனால் வீட்டு வாசலில் கார் நின்ற பிறகு நான் இறங்குவதில்லை. அவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பான்.

"என்னம்மா, கால் ஏலாதோ?" என்று கேட்பான்.

"ஓம் மோனை, கொஞ்சம் பொறு" என்பேன்.

கால்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, மச்சாள்.