எந்தக் காற்றாடி?

வள்ளக்கடவு,
திருவனந்தபுரம்,
ஆகஸ்ட் 1997

அன்பு மகள் பொன்செல்விக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம், அப்பாவும் சுகம், என்னோடு பேசத்தான் மாட்டேன் என்கிறார். நீயும் மருமகனும் வயிற்றுப் பிள்ளையும் மஸ்கட்டில் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். மாடியில் அந்தக் காற்றாடி சுற்றுகிறவரைக்கும் பிரசவத்துக்கு வரமாட்டேன், நாகர்கோவிலுக்கு மாமியார் வீட்டுக்கே போகிறேன் என்று நீ எழுதியதைப் படித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தலைப்பிரசவத்தைச் சம்பந்தக்காரி பார்த்தால் நான் சபையில் எப்படித் தலைகாட்டுவேன்? அப்பாவிடம் அழுதும் பார்த்தேன், சண்டையும் போட்டேன். முப்பந்தல் காற்றாலைகளை பஸ்ஸிலிருந்து பார்த்த அன்று பிடித்த கிறுக்கு லேசில் விடுமா? ஜீப் டைனமோவும் தகரமுமாக அவர் செய்ததில் எரிவது ஒரே ஒரு பல்பு, அதுவும் காற்று மனசு வைத்தால். சத்தமோ தலைக்குமேல் யாரோ விடிய விடியத் தேங்காய் துருவுகிற மாதிரி. காலையில் அதன் நிழல் பக்கத்து வீட்டு எலிசாளின் அடுக்களைக்குள் விழுந்து சுற்ற, தலை கறங்குதக்கா, மீன் கழுவ முடியல்ல என்று அவள் தினமும் மதிலோரம் நின்று புலம்பல்.

போன வெள்ளிக்கிழமைதான் கூத்து. விமானம் இறங்குகிற பாதையில் உயரமாய் நிற்கிற மரங்களைப் பார்க்க விமான நிலையத்திலிருந்து ஒரு சார் வந்தார். எலிசாள் முற்றத்துச் சவுக்கு மரத்தைத் தேடி நம் வாசலில் வந்து நின்று, இவிடெ வலிய காற்றாடி எவிடெயா, பெரிய காற்றாடி எங்கே என்று கேட்டார். நாம் சவுக்கு என்பதை மலையாளத்தில் காற்றாடி என்பார்களே, எனக்கு உடனே புரிந்தது. அப்பாவுக்கும் தெரியாத வார்த்தையில்லை. ஆனால் இப்போது அவர் காதுக்குக் காற்றாடி என்றால் உலகத்தில் ஒன்றுதான். சர்க்கார் ஆளே பார்க்க வந்துவிட்டார் என்று முகமெல்லாம் பல்லாக மாடிக்குக் கூட்டிப்போனார். நான் வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. சாருக்குச் சாயா போடப் போய்விட்டேன்.

சாயாவோடு மேலே போனால், கம்பத்தைத் தென்னைக்கும் மேல ஏத்தியாச்சு சார், பிளேன்ல வாறவன் கைநீட்டித் தொடலாம் என்று அளந்துகொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்துத் தலைக்குமேல் ஒரு பிளேன் போனது. சார் பிளேனைப் பார்த்தார், காற்றாடியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். சாயாவைக் குடிக்கவே மறந்துவிட்டார், பாவம். சார் உத்தரவு போட, சாயங்காலமே காற்றாடியோடு கம்பம் இறங்கியது. எலிசாளின் சவுக்குக்கும் தலை போனது, துணி காய வெயில் கிடைத்ததென்று அவளுக்குச் சந்தோஷந்தான்.

வந்தவர் மரத்தைத் தேடி வந்தவர் என்று அவள் சொல்லித்தான் அப்பாவுக்குத் தெரிந்தது. ஏட்டி, ஒனக்குத் தெரியாதா என்று குதித்தார். எனக்கு மலையாளம் அத்தனை போதாது என்றேன். சாலைக் கடைத்தெருவில் நான் மலையாளத்தில் பேரம் பேசுவதைத் தினமும் கேட்கிறவர், அன்று மூடிய வாயை இன்னும் திறக்கவில்லை.

மாசம் ஏறிவிட்டால் பிளேனில் ஏற்றமாட்டார்களாம், டாக்டரிடம் இன்றைக்கே கேள். மாத்திரையை மறக்காதே, கனமான எதையும் தூக்காதே. தாயும் பிள்ளையுமாகக் கர்த்தர் உங்களைக் காப்பாராக. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா பக்கத்தில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் சுவரிடம் சொன்னார்: மக எந்த பிளேன்ல வாறான்னு கேட்டு எழுது.

உன் அம்மா,
தாசம்மாள்