சத்தமில்லாப் படத்தில் கேட்ட பேச்சு

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் இவ்வளவு கனமாக இருக்கிறதே என்று பயந்து நீ கடைசிப் பக்கத்தை முதலில் பிரிப்பாய். நானும் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் பழையபடிதான், மாடிப்படி ஏறும்போது எல்லாக் கடவுளையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாராம், எனக்குக் கேட்காது என்பதால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. உன் அக்கா போன வாரம் வந்து ஃபிரிட்ஜைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று பாதியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனாள். நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் உன் உதடு பாதி வார்த்தையில் உறைந்து நின்றுவிடுகிறது, மிச்சத்தை நான் ஊகித்துத் தலையாட்டுகிறேன், போன தடவை எதற்குத் தலையாட்டினேன் என்று இன்னும் தெரியவில்லை, ஏதாவது சம்மதம் கொடுத்திருந்தால் எழுது. இப்போது சொல்லப்போகிற விஷயத்தை அப்படி அரைகுறையாகப் பேசித் தீர்க்க முடியாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

கடையில் என் தையல் மிஷின் கண்ணாடியை ஒட்டி இருப்பதும், எதிரே பஸ் நிறுத்தம் இருப்பதும் உனக்குத் தெரியும். பேன்ட் நீளம் குறைக்கும்போதும் ஜிப் மாற்றும்போதும் நடுநடுவே நிமிர்ந்து அங்கே யார் யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்று பார்ப்பேன், இருபத்தெட்டு வருடமாக எனக்கு ரேடியோ அதுதான். மூன்று மாதத்துக்கு முன் கோட்டுக்கு உள்துணி மாற்ற வந்த ஒரு அம்மாள் நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டார். அந்தச் சிவப்புப் பைக்காரர் பஸ் ஏறிவிட்டேன் என்று போனில் சத்தியம் செய்கிறார், மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நிற்கிறார் என்றேன். அவர் கோட்டை மறந்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நகரத்தின் பழைய படச்சுருள்களைப் பாதுகாக்கும் அலுவலகத்துக்கு அவர்தான் பொறுப்பாளராம். அறுபது எழுபது வருடத்துக்கு முன் நகரசபை ஆட்கள் தெருத்தெருவாக எடுத்த படங்கள் தகரப் பெட்டிகளில் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன, ஒன்றிலும் ஒலி இல்லை, எல்லாரும் வாயசைக்கிறார்கள், என்ன பேசினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். எட்டு வயதில் காய்ச்சலோடு காது போனதிலிருந்து பல வேலைக்கு என்னை வேண்டாம் என்றிருக்கிறார்கள், காது கேட்காததற்காகவே ஒருவர் வேலைக்குக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. ஏமாற்று வேலையாக இருக்கும், எதிலும் கையெழுத்துப் போடாதே என்று நீ அப்போதே எழுதினாய். போட்டுவிட்டேன்.

அந்த அலுவலகத்தில் படம் பார்க்கிற அறைக்கு ஜன்னல் கிடையாது, ஒரு மேஜை, ஒரு பெரிய திரை, மூன்று நாற்காலி, புளித்த வாடை. பழைய சுருள் கெட்டுப்போகத் தொடங்கினால் அப்படித்தான் வாடை வருமாம். சுருளைக் கணினியில் ஏற்றுகிற ஆளுக்கு நான் மனதுக்குள் வைத்த பேர் சக்கரம், உட்கார்ந்த நாற்காலியிலேயே உருண்டு அறை முழுக்கப் போய்வருவார். அவர் முதல் படத்தைப் போட்டார். ஒரு கடைத்தெரு. ஜனங்கள் சாவி கொடுத்த பொம்மைகள் மாதிரி விடுவிடுவென்று ஓடினார்கள், வாய் எல்லாம் படபடவென்று துடித்தது, ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று, கோட்டைத் தைத்துக் கொடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம் என்று தோன்றியது. அப்போது சக்கரம், எடுத்த வேகத்தைவிட இது வேகமாக ஓடுகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி எதையோ குறைத்தார். சின்னவளே, அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஓடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நடக்க ஆரம்பித்தார்கள். நம்மைப் போலவே நடந்தார்கள். ஒரு பெண் கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தவளிடம், நேத்தே சொன்னேன்ல, இன்னிக்கும் அதையே கேக்குற என்றாள். நான் வாய்விட்டுச் சொன்னேன். பொறுப்பாளர் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், சக்கரம் நாற்காலியோடு கிட்டே உருண்டு வந்தார். திரையில் தொப்பி வைத்த பெரிய மனிதர் ஒருவர் நண்பரிடம் வயித்த உள்ள இழு, படம் புடிக்கிறாங்க என்றார். டிராம் கண்டக்டர் உள்ளே போங்க உள்ளே போங்க என்று தொண்டை கிழியக் கத்தினார். அத்தனை பேரும் செத்துப்போய் எத்தனையோ வருடம் ஆகியிருக்கும், அவர்கள் பேச்சு அந்தத் தகரப் பெட்டிக்குள் அப்படியே இருந்திருக்கிறது. அந்த அறையில் காது கேட்டவள் நான் ஒருத்திதான். இந்த வயதில் இப்படி ஒரு வரி எழுதுவேன் என்று நினைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு வாரம் இரண்டு நாள் போனேன். ஒரே தெருமுனையை வேறு வேறு வருடங்களில் எடுத்து வைத்திருக்கிறார்கள். முதல் சுருளில் குதிரை வண்டியும் டிராமும், அடுத்ததில் தண்டவாளத்தைத் தோண்டி எடுக்கிறார்கள், பிறகு பஸ், பிறகு பாலத்தின் தூண்கள் இடுப்பளவு எழும்பி நிற்கின்றன, கடைசியில் அந்த முனைக்கு வெயிலே விழுவதில்லை. நம் கடை இருக்கும் இடத்தில் அப்போது ஐஸ் கிடங்கு இருந்திருக்கிறது. என் மிஷின் இருக்கும் அதே இடத்தில் ஒருவர் ஐஸ் பாளத்தை ரம்பத்தால் அறுத்துக்கொண்டே கால எடு என்று யாரையோ அதட்டுகிறார். மறுநாள் கடையில் உட்கார்ந்தபோது நான் என்னை அறியாமல் காலை இழுத்துக்கொண்டேன். வண்டி மாறுகிறது, பாவாடை நீளம் மாறுகிறது, தெரு விளக்கு மாறுகிறது, ஆனால் எந்த வருடத்துப் படத்தைப் போட்டாலும் பத்தில் ஆறு பேர் சொல்வது ஒரே வார்த்தைதான். நேரமாச்சு. எங்கே போக நேரமாயிற்றோ, இத்தனை லட்சம் பேர் இத்தனை வருடமாக இந்த ஊரில் அவசரமாகவே போய்க்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு அந்தச் சுருள் வந்தது. பெட்டியின் மேல், ஆற்றங்கரைக் குடியிருப்போர் புதிய வீடுகளுக்கு மகிழ்ச்சியுடன் செல்கிறார்கள் என்று ஒட்டியிருந்தது. சாலை போடுவதற்காக அவர்களை அப்புறப்படுத்திய வருடம், அறுபத்தெட்டு வருடம் ஆயிற்று. தட்டுமுட்டுச் சாமான் ஏற்றிய லாரிகள் வரிசையாக நிற்கின்றன. சுருட்டிய மெத்தையும் வாளியுமாக ஒரு பெண் கேமராவுக்கு எதிரே வந்து நின்று நன்றாகச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு மாறாமலே பேசுகிறாள். நான் ஒரு தடவை படித்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன், இரண்டு நாளில் நாற்பது தடவையாவது போட்டிருப்பார் சக்கரம். அவள் சொல்வது இதுதான்: "படத்துக்குச் சிரிச்சாச்சு. அந்த வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. பாப்பா அதுல ஏறிடுச்சு, நான் ஏறல." அடுத்த காட்சியில் லாரி போகிறது, அதன் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதுப் பெண் ஒன்று கத்துகிறது. என்ன கத்துகிறது என்றார் பொறுப்பாளர். அம்மா என்கிறதா அப்பா என்கிறதா என்று என்னால் சொல்ல முடியாது என்றேன், உதட்டில் இரண்டும் ஒன்றுதான், ஒரு இம்மி வித்தியாசம் கிடையாது. நீ முதன்முதலில் என்ன சொன்னாய் என்று உன் அப்பாவும் நானும் இன்று வரை சண்டை போடுவது அதனால்தானே, அவர் அப்பா என்று சொன்னாய் என்கிறார், காது இருக்கிறவர் சொன்னால் நான் என்ன செய்ய.

நகர மண்டபத்தில் இந்தப் படங்களைத் திரையிட ஏற்பாடாகியிருந்தது, நான் படித்த பேச்சைக் கீழே எழுத்தாகப் போட்டு. விழாவுக்குப் பொறுப்பான அதிகாரி வந்து பார்த்தார், சின்ன வயது, மரியாதையான பிள்ளை, என் முகத்தைப் பார்த்து நிறுத்தி நிறுத்திப் பேசினார். குடும்பம் குடும்பமாக வருவார்கள், சந்தோஷமான நிகழ்ச்சி, அந்த ஒரு இடத்தில் மட்டும் எழுத்தில்லாமல் விட்டுவிடலாமே, சிரிக்கிறாள், அது போதுமே, யாருக்குத் தெரியப் போகிறது என்றார். எனக்கு அதட்டிப் பேச வராது, என் குரல் மேடு பள்ளம் இல்லாமல் இருக்கும் என்று நீயே கேலி செய்வாய். அதே குரலில் சொன்னேன். "தம்பி, நாலு பேர் கூடிச் சிரிக்கிற எடத்துல என்ன பேசினீங்கன்னு கேட்டா ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்னு சொல்வாங்க. அம்பத்தஞ்சு வருஷமா எனக்குக் கெடச்ச பதில் அதுதான். அந்தப் பொண்ணு பேசினத ஒண்ணுமில்லன்னு என்னால விட முடியாது." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போனார். பொறுப்பாளர் அம்மா, எழுத்து இல்லையென்றால் சுருளும் இல்லை என்று அவருக்கு எழுதிப் போட்டாராம், அதைப் பிறகு சக்கரம் சொன்னார். ஆனால் எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. பேச்சில் மூன்றில் ஒரு பங்குதான் உதட்டில் தெரியும், மிச்சம் ஊகம், செத்துப்போன ஒருத்தி வாயில் நானே ஒரு பேச்சைத் திணித்திருந்தால்? காது கேளாதோர் பள்ளியில் என்னோடு படித்தாளே, புத்தகம் தைக்கிறவள், அவளை அழைத்துப் போய் ஒன்றும் சொல்லாமல் படத்தைப் போட்டுக் காட்டினேன். அவள் காகிதத்தில் எழுதித் தந்தது ஒரு வார்த்தை மாறாமல் அதுவேதான். மறுநாளே அதிகாரியும் சம்மதம் சொல்லி அனுப்பினார்.

போன சனிக்கிழமை மதியம் திரையிட்டார்கள். அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நான் முதல் வரிசையில் உட்காராமல் ஓரமாகத் திரும்பி உட்கார்ந்தேன், படம் எனக்கு மனப்பாடம், ஜனங்களின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். தொப்பிக்காரர் வயிற்றை உள்ளே இழுக்கச் சொன்னபோது முன்னூறு பேரும் ஒன்றாகக் குலுங்கினார்கள், பக்கத்தில் இருந்தவர்களிடம் பார்த்தாயா பார்த்தாயா என்றார்கள், ஒரு தாத்தா அந்தத் தெருவில்தான் எனக்கு வேலை என்று முன்னால் இருந்தவரின் தோளைத் தட்டித் தட்டிச் சொன்னார். பிறகு மெத்தையும் வாளியுமாக அவள் வந்தாள், சிரித்தாள், எழுத்து வந்தது. முன்னூறு வாயும் மூடிவிட்டன. எனக்கு நிசப்தம் என்றால் அதுதான். இந்த நகரத்தில் பிறந்ததிலிருந்து இருக்கிறேன், அது ஒரே சமயத்தில் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

படம் முடிந்ததும் மூன்றாவது வரிசையிலிருந்து எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மாள் எழுந்து பொறுப்பாளரிடம் போனார், அவர் என்னைக் கை காட்டினார். அந்த அம்மாள் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் முகத்துக்கு நேராகப் பேசினார். "அந்த வண்டில போனது நான்தான். எங்கம்மா சிரிச்சுக்கிட்டே நின்னாங்க. எனக்கு ஞாபகம் இருக்கிறது அது ஒண்ணுதான்." மூன்று நாள் கழித்து ஊரின் மறுகோடியில் லாரிகள் ஜனங்களை இறக்கிவிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் அவருடைய அம்மா வந்து கண்டுபிடித்தார்களாம். ஒரு கை சுமை குறைந்தது என்றுதான் அம்மா சிரித்தார்கள் என்று அந்தக் குழந்தை நினைத்துவிட்டது. ஏன் சிரித்தாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை, கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம். அம்மா இறந்து இருபது வருடம் ஆகிறதாம். கண்டுபிடித்த பிறகும் அம்மா தன்னை நன்றாகத்தான் வளர்த்தார்கள், ஆனால் நடுவில் அந்தச் சிரிப்பு முள்ளாக நின்றுகொண்டே இருந்தது என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைத்தான் கேட்டிருக்காங்க, என்னைத்தான் கேட்டிருக்காங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை, லாரியிலிருந்து நீங்கள் என்ன கத்தினீர்கள் என்று கேட்டேன். சொன்னார். உதட்டில் பழையபடி அதே அசைவு, அம்மாவா அப்பாவா தெரியவில்லை. நான் விழித்ததும் அவருக்குப் புரிந்து சிரிப்பு வந்துவிட்டது, அழுதுகொண்டே சிரித்தார், அழைப்பிதழைத் திருப்பி அதன் முதுகில் எழுதிக் காட்டினார். அம்மா என்றுதான் எழுதினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா என்னென்னவோ பேசினார், நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஏழு வருடத்துக்கு முன் விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ நின்றதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நீ மாப்பிள்ளை பக்கம் திரும்பி, அம்மா சிரிச்சுக்கிட்டுதான் இருக்காங்க, அவங்களுக்குப் பரவாயில்ல போல என்றாய். கண்ணாடி எனக்கு ஒரு தடையா, படித்துவிட்டேன், இத்தனை வருடம் சொல்லவில்லை. அப்போது நானும் உன்னைப் பார்த்து ஒன்று சொன்னேன், உனக்குக் கேட்கவில்லை, உதடு படிக்கவும் உனக்குத் தெரியாது, போய் வா என்கிறேன் என்று நினைத்துக் கை ஆட்டிவிட்டுத் திரும்பிவிட்டாய். நான் சொன்னது போகாதே என்று. இரண்டு தடவை சொன்னேன். நீ போனது சரிதான், இன்று என்னைக் கேட்டாலும் போ என்றுதான் சொல்வேன், இதைப் படித்துவிட்டு டிக்கெட் எடுக்கிற வேலையெல்லாம் வேண்டாம். ஆனால் அந்தச் சிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டு நீ கிழவியாகிவிடக் கூடாது, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு நூறு வருடம் இருக்க வேண்டும். அடுத்த தடவை கூப்பிடும்போது ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதே, முகம் இருட்டாகிவிடுகிறது, வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா