முடி இறக்காத பிள்ளை

அய்யா,

இன்று அலமாரியைத் துடைக்கும்போது குழந்தைக்குப் பால் புகட்டும் பழைய பாலாடை கையில் அகப்பட்டது. மேலண்ணம் பிளந்து பிறந்த எனக்குப் பால் உறிஞ்ச வரவில்லை. அம்மா இதில்தான் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். பாதி மூக்கு வழியே வந்துவிடுமாம். தூக்கி எறியக் கை ஓங்கினேன். அம்மா கை பட்டதாயிற்றே என்று திரும்ப வைத்துவிட்டேன். உங்கள் மேல் உள்ள கோபம் மட்டும் இறங்கவில்லை.

ஐம்பதுகளின் தொடக்கம். சூரியநெல்லி எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு மதுரையிலிருந்து வந்த டாக்டரம்மா என் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தார். "ரெண்டு வயசுக்குள்ள கொண்டு வாங்க, தைச்சிரலாம். பேச்சு பழகின பெறகு தைச்சா ஓட்டைதான் அடையும், பேச்சு திருந்தாது" என்றார். நீங்கள் கைகட்டி நின்று, "கொலசாமிக்கு முடி எறக்காத பிள்ள மேல கத்தி படப்பிடாதும்மா" என்றீர்களாம். அம்மா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்.

சரி, முடியாவது இறக்கினீர்களா? மொட்டை போடத் தாய்மாமன் மடி வேண்டும். மாமாவோடு உங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அவர் கல்யாணத்தில் உங்களுக்கு முதல் பந்தியில் இலை போடவில்லையாம். "அவன் வந்து கூப்பிடட்டும்" என்று வீம்பாக உட்கார்ந்துவிட்டீர்கள்.

"பிள்ளைக்குப் பேச்சு வருத வயசு போயிட்டே இருக்கே, நாமளே போனா என்ன?" என்று அம்மா அழுதாள்.

"தம்பிக்குப் பரிஞ்சுகிட்டு வராத" என்று அவள் வாயை அடைத்தீர்கள்.

ஆறு வருஷம் போயிற்று, அய்யா. கடைசியில் யாரோ சொல்லி மாமாவே மலையேறி வந்தார். "ஒரு வார்த்த சொல்லிவிட்டிருந்தா ஓடி வந்திருப்பேனே" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். மொட்டை ஆன அடுத்த மாதமே மதுரையில் தைத்தார்கள். மூக்கில் சோறு ஏறுவது நின்றது. பேச்சு மட்டும் டாக்டரம்மா சொன்னபடியே மூக்கிலேயே தங்கிவிட்டது. பள்ளியில் நான் வாய்ப்பாடு ஒப்பித்தால் வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே சொல்லும். அதன்பின் நான் எழுந்து நின்றதில்லை.

பாசமில்லாதவர் என்று சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில் எனக்குக் கரண்டி கரண்டியாகக் கஞ்சித் தண்ணி ஊட்டியது நீங்கள்தான். அதனால்தான் ஆத்திரம் கூடுகிறது. இத்தனை பாசம் வைத்திருந்தவருக்கு ஒரு வாழை இலை பெரிதாகப் போயிற்றே.

நீங்கள் போன அன்று எஸ்டேட் லயத்து வரிசை வீட்டுப் பெண்களெல்லாம் ஒப்பாரி வைத்தார்கள். மூத்த மகள் நான் வாயே திறக்கவில்லை. கல்நெஞ்சுக்காரி என்றார்கள். எனக்குப் பாட்டு தொண்டை வரை வந்து நின்றது. என் குரலைக் கேட்டு யாராவது சிரித்துவிட்டால்? உங்கள் சாவில் யாரும் சிரிக்கக் கூடாது என்றுதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த ஒப்பாரி இன்னும் எனக்குள்ளேயே இருக்கிறது.